மூன்று சுற்று நார்

வீட்டுப் படத்தை நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போட்டது என் தப்புத்தான். போட்ட பத்து நிமிஷத்தில் கைகூப்பிய படமும் பூங்கொத்துப் படமுமாக வந்து குவிந்துவிட்டன. ஓடு எங்கே வாங்கினாய், கதவுக்கு என்ன பாலிஷ், சமையல் மேடைக்குக் கறுப்புக் கல்லா பச்சைக் கல்லா என்று ஆளாளுக்குக் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். ஒருத்தி மட்டும், சின்ன வயதிலிருந்தே எதிலாவது ஒரு குறை கண்டுபிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது, உங்களுக்கே தெரியும், "வீடு முழுக்க டைல்ஸ் போட்டுவிட்டுக் கிழக்கு மூலை அறையில் மட்டும் ஏன் அந்தப் பழைய சிவப்புத் தரையை விட்டு வைத்திருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாள். அதற்கு மட்டும் பதில் போடவில்லை. நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன்.

இனி நமக்கெல்லாம் என்ன வெட்கம் வேண்டிக் கிடக்கிறது? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிற வயசு. சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று, அந்த வீடு என்னுடையதில்லை. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே எங்கள் அப்பாவின் தோட்டத்து வீடு. அப்பாவுக்குப் பிறகு தம்பிக்கு வந்தது. தம்பியும் போய்விட்டான், இப்போது தம்பி மகன் கையில் இருக்கிறது. கோயமுத்தூரில் கம்பெனி வைத்திருக்கிறவன், சனி ஞாயிறு வந்து தங்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் செலவழித்து அதைப் புதுசாக்கிக்கொண்டிருக்கிறான். வேலை முடியப்போகிற நேரம். ஸ்விட்ச் பெட்டி மாட்ட வேண்டும், ஒரு கை பெயின்ட் பாக்கி, அந்த ஒரு அறை பாக்கி.

இதே வீடு இதே மாதிரி ஒரு தடவை முடியப்போகிற நிலையில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்கு எட்டு வயசு. முழுப் பரீட்சை லீவு. நீங்களெல்லாம் டவுனுக்கு மாமன் வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் போய்விட்டீர்கள், நான் மட்டும் தோட்டத்தில் கிடந்தேன். மண்சுவரும் சாணித் தரையுமாக இருந்த வீட்டை அப்பா சுண்ணாம்புச் சுவரும் சிமென்ட் தரையுமாக மாற்றிக்கொண்டிருந்தார். நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுச் சீமை ஓடு ஏற்றியாகிவிட்டது. வைகாசியில் புது வீட்டுக்குள் போக நாள் குறித்திருந்தது. நாங்கள் பருத்தி அடைத்து வைக்கிற கொட்டகையில், பருத்திச் சாலை என்போம், அங்கே சமைத்து அங்கேயே படுத்துக்கொண்டிருந்தோம்.

ஈரச் சுண்ணாம்பு வாசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மூக்கின் உள்ளே போய்க் கொஞ்சம் எரிக்கும், ஆனாலும் மறுபடி மறுபடி இழுக்கத் தோன்றும். நான் சுவரோடு மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு நடப்பேன். மூக்கு நுனி வெள்ளையாகிவிடும். அத்தை முந்தானையால் துடைத்துவிடுவாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பவானிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாலாவது வருஷம் மாமா இன்னொருத்தியைக் கூட்டிவந்து அதே வீட்டில் வைத்தார். அத்தை ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவந்துவிட்டாள். அது நான் பிறப்பதற்கு முன்னால். எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள், எல்லா வேலையும் அவள்தான் செய்தாள். மாடு பிடித்துக் கட்டுவது, ஆட்களுக்குச் சோறு கொண்டுபோவது, தம்பிக்குத் தொட்டில் ஆட்டுவது, எனக்குத் தலை பின்னுவது, எல்லாம். வேலை என்று ஒன்று எங்கேயாவது கிடந்தால் அது அத்தையின் வேலை. நாங்கள் யாரும் அதை யோசித்துப் பார்த்தது கிடையாது.

வீட்டு வேலையிலும் அப்படித்தான். பூசின சுவருக்கு மூன்று வேளையும் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து அடித்தவள் அவள். அதனாலோ என்னவோ, கிழக்கு மூலையில் விதை மூட்டை போட்டிருந்த இடத்தை ஓர் அறையாக எடுத்து, "இது அக்காவுக்கு" என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கும் அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். மறுநாள் கொத்தனாரிடம் மெதுவாகப் போய் நின்றாள்.

"ஏனுங்க, அந்தச் சன்னலைச் சித்தத் தாழ வெக்க முடியுங்களா?"

"எதுக்குங்க அம்மணி? பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குமுங்க."

"கீழ உக்காந்தா வெளிய தெரியோணுங்க. அவ்வளவுதான்."

கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு தாழ வைத்துக் கொடுத்தார். மூன்று கம்பி போட்ட சின்ன ஜன்னல். அத்தை தனக்கென்று வாயைத் திறந்து கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அந்த அறைக்குத்தான் கடைசியாகத் தரை போட்டார்கள். சிவப்புக் காவி கலந்த சிமென்ட். கொத்தனார் முட்டி போட்டுப் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து தேய்க்க, தரை அப்படியே கண்ணாடி போல வந்தது. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் செருப்பில்லாமல் அதில் இறங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஏழெட்டு அடிச் சுவடு.

அத்தை பார்த்துவிட்டாள். என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. கொத்தனாரும் சித்தாள்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒரு சித்தாள் சிரித்தும்விட்டாள். எனக்கு அடியைவிட அந்தச் சிரிப்புத்தான் உறைத்தது. நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைச் சமாதானப்படுத்த, சும்மா பேச்சுக்குத்தான், "அழுவாத சாமி. ஒரு நாளைக்கு அத்தை அவுங்க ஊட்டுக்குப் போயிருவாங்க, அப்ப அந்த ரூமு உனக்குத்தான்" என்றாள்.

அம்மாவைக் குறை சொல்லி என்ன செய்ய? இரண்டு பிள்ளை, நாலு மாடு, பாதி கட்டிய வீடு, எந்நேரமும் நாத்தனார் கண் முன்னால். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் பொழுதோட அந்த அறை வாசலில் நின்று கட்டில் எங்கே போடுவது, பள்ளிக்கூடப் பையை எங்கே மாட்டுவது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அதற்கு நாலாம் நாள் பவானியிலிருந்து மாமாவின் அண்ணன் வந்தார். வேட்டி மடித்துக் கட்டாமல், வெற்றிலை போடாமல், ரொம்ப மரியாதையாக உட்கார்ந்தார். மாமா கூட்டிவந்த அந்தப் பெண் காய்ச்சலில் செத்துப்போய்விட்டாளாம். சின்னதாக இரண்டு பிள்ளைகளாம்.

"பழசையெல்லாம் மனசுல வெக்காதீங்க மாப்ள. புள்ளைகளுக்குக் கஞ்சி காச்ச ஆளில்லீங்க. உங்கக்கா அந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டவதானுங்களே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு இரண்டு பக்கமும் கணக்குப் போட்டார். அனுப்புகிறேன் என்றால் அக்காவைத் தாட்டிவிட்ட தம்பி என்று பேர். அனுப்பமாட்டேன் என்றால் நாளைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் முன்னால் பதில் சொல்ல வேண்டும். அத்தை சமையல் கட்டுக்குள் நின்றாள், பத்தடி தூரம். ஒரு வார்த்தை அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கடைசியில் அப்பா நிமிர்ந்து, "கன்னிமாரு சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாமுங்க. வெள்ளை வந்தா இங்கயே இருக்கட்டும். செவப்பு வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அப்பா நல்லவர். நல்லவராக இருந்ததால்தான் பூக் கேட்டார். முடிவு தன் வாயிலிருந்து வரக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

நம் பக்கத்தில் பூக் கேட்காமல் எந்தக் காரியம் நடந்திருக்கிறது? கிணறு வெட்ட, பொண்ணு கொடுக்க, எல்லாவற்றுக்கும் பூ. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்குக் கள்ளம் தெரியாதாம். அந்தக் குழந்தை நான்.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை எனக்குத் தலைக்கு ஊற்றி, ஈரத் தலையோடு என்னைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பூசை செய்கிற பண்டாரத்துக்கு வயசாகிக் கண் மங்கல், பொட்டலத்தை வீட்டில் யாராவது கட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். யார் கட்டுவது? வேலை என்றால் அத்தைதானே. எவளுக்காகப் பூக் கேட்கிறார்களோ அவளையே பொட்டலம் கட்டச் சொன்னார்கள், அது ஒருத்தருக்கும் வினோதமாகப் படவில்லை. அந்த அளவுக்கு அவள் எங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்கிறாள்.

வாழை இலையைக் கிழித்து, ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி வைத்து, நாரால் கட்டினாள். கட்டி முடித்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணு, இதுல ஒண்ணுல நாரை ரெண்டு சுத்து சுத்தியிருக்கறேன். இன்னொண்ணுல மூணு சுத்து. உனக்கு எண்ணத் தெரியுமல்ல?"

"தெரியுமுங்க அத்தை."

"மூணு சுத்து இருக்கறத எடுத்துப்போடு சாமி."

"அது தப்பில்லீங்களா?"

அத்தை என் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். விரலெல்லாம் பூக்காம்பின் பால் பிசுபிசுத்தது. "தப்புத்தான். என்ன பண்றது? என்னால அங்க போக முடியாது கண்ணு. அங்க நான் பட்டது யாருக்கும் தெரியாது. இந்த ஊட்டுல என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அதனாலதான் நான் உன்கிட்டக் கேக்கறேன்."

நான் சரி என்று தலையாட்டினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, தலையாட்டினேன்.

வேப்பமரத்தடியில் கன்னிமார் ஏழு கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்து மஞ்சள் பூசியிருந்தார்கள். அப்பா, அம்மா, இடுப்பில் தம்பி, மாமாவின் அண்ணன். அத்தை ஓரமாக நின்றாள். பண்டாரம் பொட்டலங்களைத் தட்டில் போட்டுக் குலுக்கி, கற்பூரம் காட்டி, "சாமியக் கும்புட்டுக்கிட்டு ஒண்ணை எடு அம்மணி" என்றார்.

வலப் பக்கம் கிடந்ததில் மூன்று சுற்று. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதன் மேல் கையைக்கூட வைத்துவிட்டேன். அப்போது முதுகில் விழுந்த அடி ஞாபகம் வந்தது. அந்தச் சித்தாளின் சிரிப்பு ஞாபகம் வந்தது. சிவப்புத் தரை, தாழ்ந்த ஜன்னல், என் கட்டில். புருஷன் வீட்டுக்குப் போவதென்றால் புதுச் சேலையும் பலகாரமும் என்றுதான் எனக்குத் தெரியும், அத்தை ஏன் அழுகிற மாதிரி பேசினாள் என்று எனக்கு விளங்கவில்லை. அதுவும் உண்மை. ஆனால் தெரியாமல் எடுத்தேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். கையை நகர்த்தி மற்றதை எடுத்தேன்.

பண்டாரம் பிரித்தார். செவ்வரளி.

"சாமியே சொல்லிப்போடுச்சுங்க" என்றார் மாமாவின் அண்ணன். அப்பா பெருமூச்சு விட்டார். வருத்தமா நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பார்க்காமலே தெரிந்தது. நான் பண்டாரத்தின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்ன சொல்வாள்? இந்தப் பிள்ளை ஏமாற்றிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் தான் சாமியை ஏமாற்றப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கும்பிட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அதையும் என்னிடமே கொடுத்து அனுப்பினார்கள். கிணற்று மேட்டில் நின்று நாரை அவிழ்த்தேன், மூன்று சுற்று. உள்ளே நந்தியாவட்டை, வாடாமல், வெள்ளை வெளேரென்று. காம்பின் பால் என் விரலிலும் ஒட்டியது. பூவை உள்ளே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

புது வீட்டுக்குள் நாங்கள் போவதற்கு மூன்று நாள் முன்னாலேயே நல்ல நாள் என்று அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற அன்று விடியக்காலையில் அந்த அறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அத்தை முட்டி போட்டுத் துணியால் தரைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலை விடாமல் தேய்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நாலு நாளைக்குத் தண்ணி படாமப் பாத்துக்க கண்ணு. உன்ற ரூமு" என்றாள்.

திட்டியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

பிறகு அம்மா வந்து, "நங்கையா, வண்டி வந்துருச்சுங்க" என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். அத்தை தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். என்னை இழுத்து மூக்கு நுனியை முந்தானையால் துடைத்தாள். அன்று அதில் சுண்ணாம்பு எதுவும் இல்லை.

ஒன்று கேட்பீர்கள், அந்த அறையில் இருக்க உனக்குச் சங்கடமாக இல்லையா என்று. இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன். உங்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினேனே, அந்தத் தரையில்தானே ஐந்தாங்கல் ஆடினோம். சங்கடமெல்லாம் பிறகு வந்தது.

பதினாலு வயதில் வந்தது. மாமா செத்துப்போனார் என்று பவானிக்குப் போனோம். அத்தைக்கு முன்பல் இரண்டு இல்லை. "படியில உளுந்துட்டனுங்க" என்று அம்மாவிடம் சொன்னாள். அந்த வீட்டில் படி கிடையாது. அம்மா அதைக் கவனித்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்கச் சமையல் கட்டுக்குப் போனபோது, ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் சுருட்டி வைத்த பாயும் அதே தகரப் பெட்டியும் இருந்தன. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம், புரண்டு படுக்க முடியாது. ஜன்னல் இல்லை. தண்ணீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அத்தையை நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமுங்க என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. கேட்டால் அறை போய்விடும் என்று அப்போதுகூட ஒரு பயம் எனக்கு இருந்ததோ என்னவோ. என் கல்யாணத்துக்கு அத்தை ஒரு பவானி ஜமக்காளம் கொண்டுவந்தாள், சிவப்பும் கறுப்பும் பட்டை போட்டது. "சிமிட்டித் தரை சில்லுனு இருக்கும், இதைப் போட்டு உக்காரு" என்றாள். எத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு அந்தத் தரைதான் ஞாபகம்.

பன்னிரண்டு வருஷம் முன்னால் அத்தை பவானியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தனியாகப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் நாலு மணி நேரம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவள் வளர்த்த மகன் என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போனான். நல்ல பையன்தான். அத்தையின் கை குச்சியாக இருந்தது.

"அத்தை, அன்னிக்குக் கன்னிமார் கோயில்ல நான் வேணும்னே தானுங்க..."

அவள் என்னை முடிக்கவிடவில்லை. கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"ரெண்டுலயும் செவப்புத்தான் கண்ணு வெச்சிருந்தேன்."

நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"மூணு சுத்து, ரெண்டு சுத்துன்னு உன்கிட்டச் சும்மா சொன்னது. அந்தப் புள்ளைகளைப் பாக்கோணும்னு எனக்கு ஆசை. உங்கப்பங்கிட்ட வாயத் தொறந்து கேக்க வெக்கமா இருந்துச்சு. அதனால ரெண்டுலயும் செவப்பு. நீ எதை எடுத்திருந்தாலும் நான் போயித்தான் இருப்பேன். இதுக்குப் போயி இத்தனை நாளு மனசுல வெச்சிருந்தயா?"

வெள்ளைப் பூவைக் கையில் வைத்திருந்தவள் நான். எனக்குத் தெரியாதா? கிணற்று மேட்டில் நான் நாரை அவிழ்த்தது அவளுக்குத் தெரியாது. சாகக் கிடக்கிறவள், எனக்காக உட்கார்ந்து யோசித்து ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்திருக்கிறாள். எத்தனை வருஷமாக வைத்திருந்தாளோ. இல்லீங்க அத்தை, நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லி, காலில் விழுந்திருக்க வேண்டும்.

"அப்படீங்களா அத்தை" என்றேன்.

"ஆமாங் கண்ணு" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் சும்மா இருந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டியிருந்தது. எட்டு வயதில் அறையை எடுத்துக்கொண்ட மாதிரி அதையும் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் அத்தை போய்விட்டாள்.

போன வாரம் தம்பி மகன் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். என் வீட்டுக்காரர் போனபிறகு நான் மகள் வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன் என்று அவனுக்கு ஒரு கவலை. அந்த அறை வாசலில் நிறுத்தி, "அத்தை, இந்த ரூமை உங்களுக்குன்னே ரெடி பண்ணிக் குடுத்தர்றேனுங்க. தரைய உடைச்சு டைல்ஸ் போட்டு, சன்னலைக் கொஞ்சம் தூக்கி வெச்சரலாம். நீங்க இங்க வந்து இருக்கறீங்களா? உங்களுக்கு விருப்பந்தானுங்களே?" என்றான்.

விருப்பமா என்று கேட்டான். எவ்வளவு சுளுவாகக் கேட்டுவிட்டான். அப்பாவுக்கு அது வாயில் வரவில்லை.

அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கையை ஊன்றித் தரையில் உட்கார்ந்தேன். அந்த அறையில் நான் எப்போதும் கட்டிலில்தான் இருந்தேன், ஜன்னலோரம் கீழே உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தால் கிணற்று மேடு தெரிகிறது, தடம் தெரிகிறது, தடத்தில் வருகிறவர்கள் தெரிகிறார்கள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

தரையை உடைக்க வேண்டாம், ஜன்னலைத் தொட வேண்டாம், வீடு புகுகிற அன்று வந்துவிட்டுப் பொழுதோட திரும்பிவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். ஏனுங்க அத்தை என்று முகம் வாடிக் கேட்டான். அவனுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தரைக்குத் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் தேய்த்து மினுக்க வைத்தவள் அதில் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை.